ஃபோர்ஸா ஹொரைஸன் 5: ஆளில்லாத சாலைகள்

மே மாத விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, துணிகளுக்கு நடுவில் பிளேஸ்டேஷன் 5ஐச் சுற்றிவைத்துத் திருவரங்குளத்துக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதைப் பெரிய வைஃபை பெட்டி என்று நினைத்துக்கொண்டு, "இது வச்சா மாடிக்கும் சிக்னல் வருமா?" என்று கேட்டார். கேமை இறக்க இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. நடுவில் மூன்று தடவை கரண்ட் போனது. அக்கா மகன் பதினோரு வயசுக்காரன், டிவியில் ஓடும் சதவீதத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிந்தான்.

ஃபோர்ஸா ஹொரைஸன் 5 உண்மையில் புது கேம் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த பிளேகிரவுண்ட் கேம்ஸ் உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் 2021 நவம்பர் 9 அன்று எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் வெளியிட்டது. 2025 ஏப்ரல் 29 அன்று பிளேஸ்டேஷனுக்கும் வந்துவிட்டது. ஏறக்குறைய இருபது வருடமாக எக்ஸ்பாக்ஸ் வாங்கச் சொல்லும் காரணங்களில் ஒன்றாக இருந்த தொடர் எதிராளியின் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வட்டு கிடையாது, பதிவிறக்கம் மட்டும்தான். சோனியின் பெட்டியில் விளையாடினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று கட்டாயம். எக்ஸ்பாக்ஸ் என்றைக்குமே வாங்காத என்னைப் போன்றவர்களுக்கு இது புது கேம்தான். பத்து நாள் விளையாடியதை வைத்து எழுதுகிறேன்.

இந்தத் தொடரில் ஒவ்வொரு பாகமும் ஒரு நாட்டுக்குப் போகும். 2012ல் அமெரிக்காவின் கொலராடோ, 2014ல் தெற்கு பிரான்சும் வடக்கு இத்தாலியும், 2016ல் ஆஸ்திரேலியா, 2018ல் பிரிட்டன். ஐந்தாவது பாகம் மெக்சிகோ. அங்கே 'ஹொரைஸன்' என்று ஒரு கார்த் திருவிழா நடக்கிறது, நீங்கள்தான் அதன் நட்சத்திரம். கதை அவ்வளவுதான்.

ஆரம்பம் அபாரம். பறக்கும் சரக்கு விமானத்திலிருந்து ஒரு ஃபோர்டு பிராங்கோவை எரிமலை உச்சியில் இறக்கிவிடுகிறார்கள். பனியும் சாம்பலும் கலந்த சரிவில் இறங்குகிறோம். அடுத்து ஒரு கார்வெட், அதற்கடுத்து ஒரு பழைய போர்ஷே, கடைசியில் மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன். சில நிமிடங்களில் எரிமலை, வயல், புழுதிப்புயல், காடு என்று நாடே நம் முன்னால் விரிகிறது. முதல் முறை பார்க்கையில் வாய்பிளந்துதான் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் "மாமா மாமா" என்று கத்திக்கொண்டே இருந்தான்.

அந்த வானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு குழுவை மெக்சிகோவுக்கு அனுப்பி, அங்கத்து வானத்தை நாள்முழுக்கப் படம்பிடித்து வந்து கேமுக்குள் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேகத்தின் அடிவயிறு மட்டும் சிவக்கும் அந்த வெளிச்சத்தை வேறு எந்த கேமிலும் நான் பார்த்ததில்லை. மண்ணும் அப்படித்தான். தார் முடிந்து செம்மண்ணில் இறங்கும்போது ஸ்டியரிங் இலேசாகிறது, கன்ட்ரோலரின் நடுக்கம் மாறுகிறது, பிரேக் விசை விரலை எதிர்க்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் மண்ணில் சைக்கிள் ஓட்டிப் பழகியவனுக்கு அந்த இடறல் கைக்குத் தெரியும். கேம் செய்தவர்களுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்திருக்கிறது. சந்தேகமே இல்லை.

முதல் ராத்திரி நான் மோதியதெல்லாம் ஒரே காரணத்தால். மெக்சிகோவில் வண்டிகள் வலப்பக்கம் போகும், என் கை இடப்பக்கம் இழுக்கும். எதிரே வரும் காரின் மூக்குக்கு நேராகப் போய் நிற்பேன். அப்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்கினேன்.

*

அந்தப் பொத்தானைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் பாதி.

ரீவைண்ட். அமுக்கினால் உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்ளும், கவிழ்ந்த கார் எழுந்து பின்னோக்கிப் பறக்கும், சில விநாடிகளுக்கு முன் இருந்த இடத்தில் வந்து நிற்கும். விட்டால் அங்கிருந்து தொடரலாம். இது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. கோட்மாஸ்டர்ஸின் 'கிரிட்' 2008லேயே இதைக் கொண்டுவந்தது, அடுத்த வருடம் 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 3' எடுத்துக்கொண்டது. ஆனால் அவற்றில் பந்தயத் தடத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டால் திருத்திக்கொள்ளத்தான் அது பயன்பட்டது. இங்கே பந்தயம் இல்லாமல் சும்மா ஊர் சுற்றும்போதும் அது கூடவே இருக்கிறது.

வேலை மென்பொருள் என்பதால் இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தத்துவம் எளிமையானது. கார் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, என்ன வேகம், சக்கரம் எப்படித் திரும்பியிருக்கிறது. இந்த எண்களை விநாடிக்குப் பல முறை குறித்துவைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசிச் சில விநாடிகள் மட்டும் போதும், பழசை அழித்து அதன்மேல் புதுசை எழுதலாம். பின்னோக்கிப் போவது என்றால் அந்தக் குறிப்பேட்டைத் திருப்பி வாசிப்பது.

ஆனால் இது மலிவாக முடிவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உலகத்தில் மாறக்கூடிய பொருட்கள் குறைவாக இருக்க வேண்டும். நான் மோதியதால் யாருக்கும் எதுவும் ஆகியிருக்கக் கூடாது. மற்ற மனிதர்களோடு இணையத்தில் மோதும் பந்தயங்களில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. செய்யவும் முடியாது. என் ஐந்து விநாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், கூட ஓட்டுகிற பதினோரு பேரின் ஐந்து விநாடியையும் பிடுங்க வேண்டும். இன்னொரு மனிதர் உள்ளே வந்துவிட்டால் காலம் ஒரு பக்கம்தான் ஓடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு இந்த அழகான மெக்சிகோவில் என்ன இல்லை என்று கண் தேட ஆரம்பித்தது.

*

குவானஹுவாட்டோ என்று ஒரு நகரம். மலைச்சரிவில் மஞ்சளும் ரோஸும் நீலமுமாக வீடுகள், அடியில் சுரங்கப்பாதைகள். நிஜ நகரத்தை நேரில் பார்த்தவர்களே மெச்சும்படி செய்திருக்கிறார்கள். அந்தக் கல்பாவிய தெருக்களில் மணிக்கு 180 கிலோமீட்டரில் போகலாம். ஏன் முடிகிறதென்றால் தெருவைக் கடக்க ஒருவர் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து தெருவில் கால்வைக்க மாட்டார். பந்து பின்னால் ஓடிவரும் குழந்தை கிடையாது. எதிரே கார்கள் வரும், ஆனால் அவற்றிலிருந்து யாரும் இறங்குவதில்லை.

இரண்டு சக்கர வண்டி ஒன்றுகூடக் கிடையாது. ஐநூறுக்கும் மேற்பட்ட கார்கள் இருக்கும் கேமில் ஒரே ஒரு மொபட், ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக் இல்லை. இந்தத் தொடரில் எப்போதுமே இருந்ததில்லை. பைக் ஓட்டுகிற மனிதனின் உடம்பு வெளியே தெரியும். கார் மோதினால் அந்த உடம்புக்கு என்ன ஆகும் என்று காட்ட வேண்டிவரும். அதனால் ஒரு நாட்டின் சாலைகளிலிருந்து பைக்குகளையே எடுத்துவிட்டார்கள் என்பது என் ஊகம்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் அதில்தான் இருக்கிறது. அதிலிருந்து டூவீலர்களை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன? நான்கு பஸ், இரண்டு டிப்பர், மாடு. 2022ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது ஒன்றிய அரசின் கணக்கு. அதில் தமிழ்நாடு மட்டும் 17,884. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். நம் சாலையின் கதை பெரும்பாலும் அந்த வண்டிகளின் கதை.

கேம் எதற்கெல்லாம் புள்ளி தருகிறது என்று பாருங்கள். எதிரே வரும் காரை உரசாமல் நூலிழையில் தாண்டினால் புள்ளி. வேலியை உடைத்தால் புள்ளி. பயிருக்குள் ஓட்டிக்கொண்டு போனால் புள்ளி. சாலையோர வேகக் கேமரா முன்னால் எவ்வளவு வேகமாகப் போகிறோமோ அவ்வளவு நட்சத்திரம். புள்ளிகள் சேர்ந்தால் சக்கரம் ஒன்று சுழன்று பரிசு தரும். சூதாட்ட விடுதியின் எந்திரம் எப்படிச் சுழலுமோ அப்படியே சுழலும், ஒளிரும், கத்தும். மூன்று மணி நேரத்துக்குள் என் கொட்டகையில் பதினான்கு கார் நின்றது. அதில் ஆறு காரை நான் ஓட்டவே இல்லை. எதைச் செய்தாலும் பாராட்டுகிற இந்தக் குரல்தான் கேமின் பெரிய பலவீனம். தோற்றாலும் "பிரமாதம்" என்கிறார்கள். ஜெயித்தது எப்போது என்று தெரியாமலே போய்விடுகிறது.

பயிருக்குள் காரை விட்டபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. அம்மா. காபி கொண்டு வந்தவர் டிவியைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏன்டா, அது யாரு வெள்ளாமை?" என்றார். கடலையும் உளுந்தும் போட்டு வளர்ந்த வீடு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மா சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார்.

புயலும் அப்படித்தான். இந்த மெக்சிகோவில் வெப்பமண்டலப் புயல் அடிக்கும், தென்னைகள் வளையும், ஓலையும் குப்பையும் பறக்கும், கண்ணாடியில் மழை அறையும். ஓட்டுவதற்கு அற்புதமான பத்து நிமிடம். புயல் கடந்ததும் எல்லா மரமும் நின்ற இடத்தில் நிற்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கடந்த பிறகு ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனவர்களுக்குப் புயல் முடிந்த பிறகுதான் சாலையே கதை சொல்ல ஆரம்பிக்கும் என்று தெரியும். பலாவும் தென்னையும் குறுக்கே கிடக்க, கோடாலியும் ரம்பமுமாக ஊர்க்காரர்களே வழி வெட்டிக்கொண்டு போனார்கள். எதுவும் மிச்சம் வைக்காத புயல் வானிலை மாற்றம்தான், புயல் இல்லை.

*

கேம்கள் எப்போதும் இப்படி இருந்தனவா என்றால், இல்லை.

என் வயதுக்காரர்களுக்குப் பந்தய கேம் என்றாலே ரோடு ராஷ்தான். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1991ல் வெளியிட்டது, கணினிக்கு 1996ல் வந்தது. புதுக்கோட்டையில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் ஆடியது அதைத்தான். பைக் பந்தயம், பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிக்கலாம், போலீஸ் பிடிக்கும். நாகரிகமான கேம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சாலையில் ஆள் நடந்தார்கள், மாடு குறுக்கே வந்தது. எல்லாவற்றையும்விட, விழுந்தால் நம் ஆள் தூரப் போய் விழுவான். பைக் எங்கோ கிடக்கும். அவன் எழுந்து, சாலையோரமாக ஓடிப்போய், பைக்கைத் தூக்கி ஏறினால்தான் பந்தயம் தொடரும். ஓடும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். இன்னொரு வண்டி வந்து திரும்பவும் அடித்துப்போட்டாலும் போடும்.

அந்த அரை நிமிட ஓட்டம் ஒரு பெரிய விஷயம் என்று இப்போதுதான் படுகிறது. விழுந்த இடத்துக்கும் வண்டி கிடக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நம் காலால் கடக்கவைத்த கேம் அது. ஹொரைஸனில் அந்தத் தூரமே கிடையாது.

*

2009ல் கல்லூரிக் கடைசி வருடம். ஆலங்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் நண்பனும் திரும்பிக்கொண்டிருந்தோம். பைக் என்னுடையது, ஓட்டியது நான். வம்பன் தாண்டி ஒரு வளைவில் முன்னால் போன பஸ்ஸை ஏற வேண்டும் என்று தோன்றியது. அவசரம் ஒன்றுமில்லை. எதிரே தேங்காய் மூட்டையோடு ஒரு டிவிஎஸ் 50 வந்தது. அதைத் தாண்டிவிட்டேன், நூலிழையில். தாண்டிய பிறகுதான் வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் தோல் போனது. நண்பனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நான் பைக் ஓட்டுவதில்லை. பந்தய கேமும் ரொம்ப வருடம் தொடவில்லை. இந்த கேமை வாங்கியதுகூடக் கார்தானே என்ற சமாதானத்தில்தான். முதல் ராத்திரி எத்தனை தடவை ரீவைண்ட் அமுக்கினேன் என்று எண்ணவில்லை, நாற்பதுக்குக் குறையாது. மூன்று மணிக்கு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. கட்டைவிரல் மட்டும் அந்தப் பொத்தான் இருக்கும் இடத்தில் அமுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். இப்போது ஊரிலேயே டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். கடையைச் சாத்திவிட்டு ராத்திரி எட்டரைக்கு வந்தான். "என்னடா இது, வெள்ளையா கோயில் கோபுரம் மாதிரி நிக்குது" என்றான் பெட்டியைப் பார்த்து.

ஆரம்பத்தில் ஓட்டுநரின் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். முகம், முடி, சட்டை. அக்கா மகன் அவனுக்காகப் புரட்டிக்கொண்டே போனான். அதில் செயற்கைக் கை, செயற்கைக் கால்கள் வந்தன. இடதா, வலதா, முழங்காலுக்குக் கீழேயா மேலேயா என்று வகைகள். காது கேட்கும் கருவிகூட இருக்கிறது. கதைக்காட்சிகளுக்குச் சைகை மொழியில் பெயர்க்கிறவரையும் பின்னாளில் சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். இதிலெல்லாம் இவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை உண்மையானது. மற்ற நிறுவனங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நண்பன் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினான். "பொறு பொறு. இதுல நம்ம காலு இருக்குடா!"

சந்தோஷமாகத்தான் சொன்னான். இடது கால், முழங்காலுக்குக் கீழே. தேடித்தேடி நிறமும் போட்டுக்கொண்டான். "என்னோடத விட நல்லாருக்கு. எங்க வாங்குனானாம்?" என்று கேட்டு அவனே சிரித்தான்.

எனக்குச் சிரிக்க முடியவில்லை. இந்த கேமில் அந்தக் காலுக்கு இடம் இருக்கிறது, அந்தக் கால் வந்த வழிக்கு இடமில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பொழுதுபோக்க வந்தவன் கண்முன்னே விபத்தைக் காட்டு என்று கேட்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நூலிழையில் தாண்டியதற்குப் புள்ளி கொடுக்கும் அதே கை செயற்கைக் காலையும் கொடுக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றாமல் இருக்குமா?

அவன் ஓட்டியதைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த கேமை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய ஒரே ஆள் அவன்தான். சந்தி வந்தால் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தான். இன்டிகேட்டர் எங்கே என்று கேட்டான். அவனுக்கு மிகவும் பிடித்தது அந்த ஊரில் வோச்சோ என்று செல்லமாகக் கூப்பிடும் பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டுக்கார். அதை வைத்து கேமுக்குள் தனியாக ஒரு கதையே இருக்கிறது. இன்ஜின் பின்னால் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொன்னான். "பின்னாடி இருந்து கேக்குது பாரு. சத்தம் எடுத்தவன் வேலை தெரிஞ்சவன்" என்றான். கேமின் ஒலியைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட இது மேல்.

அரை மணி நேரம் கழித்து ஒரு சுவரில் உரசினான். பையன் உடனே, "மாமா, ரீவைண்ட் அமுக்குங்க, அந்தப் பொத்தான்" என்றான்.

"எதுக்கு? ஓடுதுல்ல?"

ஓடத்தான் செய்தது. இந்தக் கார்களுக்குச் சேதம் என்பது, நாம் மாற்றாதவரை, மேலே கீறலாகத் தெரிவது மட்டும்தான். கீறலோடு ஊர் சுற்றினான். கடைசியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன்டா இந்த ஊருல ரோட்டுல ஒரு பயலும் இல்ல? கர்ஃப்யூவா?" என்றான்.

*

ஆள் இருக்கும் பந்தயம் எப்படி இருக்கும் என்று எங்கள் மாவட்டத்தில் கேட்க வேண்டியதில்லை. அதே வாரம் பக்கத்து ஊர்க் கோயில் விழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் நடந்தது. மூவரும் போனோம்.

பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். தூரத்தை இன்னும் மைலில்தான் சொல்வார்கள், பெரிய மாட்டுக்குப் போகவர எட்டு மைல் என்பது வழக்கமான கணக்கு. எல்லைக் கோட்டிலிருந்து கிளம்பி, தார்ச்சாலையில் ஓடி, கொடி நட்ட இடத்தில் திரும்பி வர வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பந்தயத்தில் கிடைப்பது மொத்தமே சில விநாடி. முதலில் தூரத்தில் இரைச்சல், அப்புறம் புழுதி, சலங்கை, சாரதியின் அதட்டல், பின்னால் துரத்தும் பைக்குகள். அவ்வளவுதான், போய்விட்டது. மறுபடி வரும்வரை யார் முன்னால் என்று ஃபோனில் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஹொரைஸனில் எப்போதும் நாம்தான் நடுவில். இங்கே பந்தயம் நம்மைத் தாண்டிப் போகிறது.

இதை ஏற்றிப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தார்க்குச்சியும் சாட்டையும் நான் சின்ன வயசில் பார்த்தவன்தான். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது சொன்ன காரணங்கள் வெறும் கற்பனை இல்லை. 2017ல் மெரினா போராட்டத்துக்குப் பிறகு சட்டத்திருத்தம் வந்து, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டதும் எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. அன்றைக்கும் ஒரு வண்டி குடை சாய்ந்தது. சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் "ஐயோ" என்றது. சாரதி எழுந்து நின்ற பிறகுதான் பேச்சு திரும்ப வந்தது. முதலில் மாட்டின் காலைத்தான் தடவிப் பார்த்தார்.

அந்த "ஐயோ"தான் இந்த கேமில் எனக்குக் கிடைக்காதது. எரிமலையிலிருந்து உருண்டாலும் மெக்சிகோவில் யாரும் அதைச் சொல்வதில்லை.

*

இதற்கு எதிரான வாதம் என் அக்கா மகனிடம் இருக்கிறது.

நான்காம் நாள் அவனுக்கு ஹொரைஸன் சலித்துவிட்டது. அம்மாவின் ஃபோனை எடுத்துக்கொண்டு அவனுடைய பழைய கேமுக்குப் போய்விட்டான். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017ல் வெளியிட்டது. அந்த நாட்டில் நெடுஞ்சாலையோரம் நின்று பஸ்காரர்களிடம் பாட்டு ஹாரன் அடிக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கும் பழக்கம் 2016 கடைசியில் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஹாரன் இந்த கேமில் உண்டு. படத்தரம் சுமார். மரங்கள் அட்டையில் வெட்டியது போலிருக்கும். வானத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். பஸ்ஸுக்கு நாமே வண்ணம் தீட்டலாம், நாமே செய்த வண்டியையும் உள்ளே கொண்டுவரலாம். தமிழ்நாட்டுப் பையன்கள் அந்தக் கதவு வழியாகக் கூட்டமாக நுழைந்துவிட்டார்கள். அரசுப் பேருந்து, விரைவுப் பேருந்து, மாவட்டத்துக்கு மாவட்டம் ஓடும் தனியார் பஸ்கள் எல்லாம் அதில் வந்துவிட்டன. முன் கண்ணாடியின் சாமி படம், கதவு மேலே எழுதிய பேர், படிக்கட்டு வரைக்கும் செய்கிறார்கள். பழைய பச்சையும் உண்டு, 2023ல் அரசுப் பேருந்துகளுக்கு வந்த மஞ்சளும் உண்டு. ப்ளெண்டரில் ராத்திரி பகலாக உட்கார்ந்து இதைச் செய்கிறவர்களில் பலர் கல்லூரிப் பையன்கள். யாரும் கேட்காத, யாரும் சம்பளம் கொடுக்காத வேலை. நான் அலுவலகத்தில் செய்கிற எதையும் அவ்வளவு பிரியத்தோடு செய்ததாக நினைவில்லை.

இந்தோனேசியாவிலும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனால் பையனின் கைக்கு எந்தக் குழப்பமும் இல்லை. டிஎன் 55 எண் போட்ட பஸ்ஸை ஜாவாத் தீவின் சாலையில் புதுக்கோட்டை–ஆலங்குடி பஸ்ஸாக ஓட்டுகிறான். நிறுத்தத்தில் நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும், ஆள் ஏற வேண்டும். வேகமாகப் போனால் யாரும் கைதட்டுவதில்லை. உள்ளே ஆள் இருப்பதால் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதைப் பதினோரு வயசுப் பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று தன் பணத்தையெல்லாம் கொட்டிச் செய்த மெக்சிகோவைவிட, யாரோ எங்கோ செய்த அட்டை மரங்களுக்கு நடுவே அவன் ஊர் அதிகம் இருக்கிறது. காரணம் தொழில்நுட்பம் இல்லை. ஹொரைஸன் சாலையை ஓட்டுகிறவனுக்கு மட்டும் கொடுக்கிறது. அந்த எளிய கேம் சாலையில் நிற்கிறவர்களையும் கணக்கில் வைத்திருக்கிறது.

ஹொரைஸனை விளையாடலாமா என்று கேட்டால், தாராளமாக. அந்த வானத்துக்காக, மண்ணுக்காக, வண்டுக்காரின் சத்தத்துக்காக. அமைப்புகளுக்குப் போய் முதல் வேலையாக ரீவைண்டை அணைத்துவிடுங்கள், அதற்கு வழி இருக்கிறது. அணைத்த பிறகு வளைவுகளில் கை தானாக நிதானிக்கிறது. கேம் பாதி மடங்கு நல்லதாகிறது. வேண்டுமென்றால் சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு முந்தைய நான்காம் பாகத்தை 2024 டிசம்பர் 15க்குப் பிறகு கடையில் வாங்க முடியாது. உரிமங்கள் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். இதற்கும் ஒருநாள் அந்த நாள் வரும்.

நான் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நண்பன் திரும்ப வந்தான். பெட்டியைப் பிரித்துத் துணிகளுக்குள் வைத்துவிட்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பையன் ஃபோனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். நண்பன் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "எந்த பஸ்ஸு?" என்றான். "ஆலங்குடி மாமா." "சரி, ஒரு டிக்கெட் குடு."

பையன் கொஞ்ச தூரம் ஓட்டினான். திரையில் ஏதோ ஒரு ஜாவா ஊர் வந்தது. நிறுத்தத்தில் மெதுவாக நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"வம்பன் வந்திருச்சு. எறங்குறவங்க எல்லாம் எறங்கு."

நான் நண்பனைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்தேன்.

"நான் எறங்கல," என்றான் அவன். "ஆலங்குடி வரைக்கும் எடுத்திருக்கேன். நீ எடு, போலாம்."